மூத்தவனை ஊருக்கு அனுப்பலாமா?

ஆண்டுத் தேர்வு முடிந்து வேனில் விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "மூத்தவன் கையை விட்டுப் போய்விட்டான். இவனை இங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் சின்னவனும் இவன் வழியே போவான். ஊரில் தாத்தாவிடம் கொண்டு விட்டுவிடுவோம்" என்று தந்தையார் கூறுவார். தாயார் கண்ணீர் விடுவார். பின்னர் அவரும் இசைவார். பள்ளிக்கு மட்டம் போடுதல், பொய் கூறுதல், வீட்டுக் காசில் கைவைத்தல், புகையிலைப் பொட்டலத்தை வாயில் அடக்குதல், தாயை எதிர்த்துப் பேசுதல் என மூத்தவன்மீது சாட்டப்படும் குற்றங்கள் பல. இளையவன்மீது குற்றம் ஒன்றும் இல்லை. அவனைப் பற்றிய அச்சம் மட்டுமே உண்டு. ஜூன் திங்களில் கேரளப் பள்ளிகள் திறக்குமுன் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதா வேண்டாவா என்று முடிவு செய்தாக வேண்டும். இருவர் வாழ்வைத் திருப்பிவிடக் கூடிய முடிவு அது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பெற்றோரின் அச்சத்தை வீண் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். இலண்டன் மாநகரின் தென்பகுதியில் 1961ஆம் ஆண்டில் டொனால்டு வெஸ்ட் என்பார் தொடங்கி, பின்னர் டேவிட் பாரிங்டன் என்பார் தொடர்ந்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று உண்டு. எட்டு வயதை ஒட்டிய 411 சிறுவரைத் தேர்ந்து, அவர்கள் நடுவயதை எட்டும்வரை பல பத்தாண்டுகள் விடாமல் கண்டறிந்தனர். அச்சிறுவரும், அவர்தம் பெற்றோரும், உடன்பிறந்தாரும் நீதிமன்றங்களில் பெற்ற தண்டனைகளைக் கூட்டிப் பார்த்தபோது, அவற்றுள் பாதி நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு குடும்பங்களைச் சேர்ந்தனவாய் இருந்தன. அண்ணன் தண்டனை பெற்ற வீட்டில் தம்பியும் பெறும் வாய்ப்பு மிகுதி. ஊர் முழுதும் சிதறிக் கிடக்கும் என்று எண்ணப்பட்ட குற்றம் சில கூரைகளின் கீழே குவிந்து கிடந்தது.

இதனைக் கேட்டவுடன், "அது இரத்தத்தில் ஊறியது, என்ன செய்ய இயலும்?" என்று கூறிவிடுவது எளிது. அவ்வெளிய விடைக்கு நம் தமிழகம் பெருவிலை கொடுத்திருக்கிறது. குற்றம் குலவழி வருவது என்னும் எண்ணத்தின் மேல் 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அது சென்னை மாகாணத்திலும் கால் வைத்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் மக்கள் ஒரு குற்றமும் செய்யாதவர் உட்படத் தம் கைரேகையைப் பதிந்து, இரவில் காவலர் கண்காணிப்பில் கிடக்க நேர்ந்தது. மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. நம்முள் உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து அன்பர்கள் இக்கதையைத் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். அன்று ரேகை வைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் இருப்பதையும் அவர்கள் அறிவர். மாறியது இரத்தமா? நிலமும் பள்ளியும் வேலையும் அல்லவா மாறின?

பிறவிக் குணத்திற்குப் பங்கே இல்லை என்று அறிஞர் எவரும் கூறுவதில்லை. முன்கோபமும் பதற்றமும் ஓரளவு பிறப்போடு வருவனவே. ஒரே வீட்டின் நெருக்கடி இரு பிள்ளைகளையும் ஒருங்கே தாக்குவதும் உண்டு. அதனைக் கண்டு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதாக நாம் எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டையும் கழித்த பின்னரும் மிஞ்சுவது ஒன்று உண்டு. அது வீட்டிற்குள்ளேயே, நம் கண்ணெதிரே, நாள்தோறும் நடைபெறுவது.

அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் என்னும் உளநூல் அறிஞர் புதுவழி ஒன்றைக் கையாண்டார். பெற்றோரைத் தம் அறைக்கு அழைத்து வினவுவதோடு நில்லாமல், பயிற்சி பெற்ற ஆள்களை வீடுகளுக்கே அனுப்பினார். அவர்கள் ஓர் ஓரத்தில் அமர்ந்து, யார் யாரிடம் என்ன செய்தார், அதற்கு அவர் என்ன செய்தார் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்தனர். இவ்வாறு தொகுத்தவற்றின் பயனை 1982இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூல் காட்டும் வீடு நமக்குப் புதிதன்று.

மாலை ஏழு மணி. தாயார் இரண்டு மூன்று வீடுகளில் வேலை முடித்துத் திரும்பியிருக்கிறார். தந்தையார் எடயாற்றுத் தொழிற்சாலையிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ இன்னும் வரவில்லை. மூத்தவன் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறான். "அதை வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வா" என்கிறார் தாய். அவன் செவிசாய்க்கவில்லை. மீண்டும் கூறுகிறார், அவன் சலித்துக்கொள்கிறான். தாயின் குரல் உயர்கிறது; அவன் குரல் அதனினும் உயர்கிறது. தட்டு ஒன்று உருள்கிறது. நாள் முழுதும் நின்ற கால் நோகிறது தாய்க்கு. "எக்கேடாவது கெட்டுப் போ" என்று கூறி அடுக்களைக்குள் போய்விடுகிறார். உடனே வீட்டில் அமைதி நிலவுகிறது.

அந்த அமைதியைத்தான் பாட்டர்சன் சுட்டிக்காட்டினார். கத்தினால் கட்டளை நீங்கும் என்று மகன் அறிந்துகொண்டான். விட்டுக்கொடுத்தால் கத்தல் நிற்கும் என்று தாயும் அறிந்துகொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பழக்குகின்றனர். இருவருக்கும் அது தெரிவதில்லை. இதே பாடத்தை மூன்றாமவன் ஒருவனும் கற்றான். சுவரோரம் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருந்த இளையவனே அவன். மறுநாள் அவன் அதனை அண்ணனிடமே நடத்திப் பார்க்கிறான். கைப்பேசியைக் கேட்டு அழுகிறான், அண்ணன் குட்டுகிறான், அவன் இன்னும் உரக்க அலறுகிறான், அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கும் முன் அண்ணன் கைப்பேசியை எறிந்துவிடுகிறான். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பிள்ளைகள் பெற்றோருடன் கழிக்கும் நேரத்தினும் தமக்குள் கழிக்கும் நேரமே மிகுதி அல்லவா? ஆகவே சண்டைக்கலையில் அவர்கள் ஒருவர்க்கொருவர் ஆசிரியர் ஆகிவிடுகின்றனர்.

சண்டை மட்டுமே தொற்றுகிறது என்று எண்ணிவிட வேண்டா. சிரிப்பும் தொற்றுகிறது, அதுவே கூடுதலாகத் தொற்றுகிறது என்பது நம் கருத்து. பாட்டர்சனின் கூட்டத்தைச் சேர்ந்த தாமஸ் டிஷியன் என்பார் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 13, 14 வயதுச் சிறுவர் இருவர் இருவராக அமர்ந்து உரையாடுவதைப் படம் பிடித்துக் கண்டனர். விதிமீறலைப் பற்றி ஒருவன் பேச, மற்றவன் சிரித்து ஊக்கினால், அத்தகைய இணையரிடம் பின்னாளில் தீச்செயல் பெருகியது. பெர்னடெட் புல்லக் என்பாரும் அவரும் 2002இல் இதனை உடன்பிறந்தாரிடம் சோதித்தனர். பெற்றோர் எதிரிலேயே கண்சாடை காட்டியும், முணுமுணுத்தும், அடக்கிச் சிரித்தும் பெற்றோர் சொல்லைக் கவிழ்க்கும் உடன்பிறந்தாரைக் கண்டனர். அத்தகைய மறைமுகக் கூட்டு, பிள்ளைகள் தீவழிச் செல்வதற்கு ஓர் அறிகுறியாய் இருந்தது.

இங்கு நம் குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்றைக் கூற வேண்டும். ஆரிகன் வீட்டுப் பிள்ளைகள் முணுமுணுக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அத்தொல்லை இல்லை. மலையாளத்தில் உரக்கவே பேசலாம். அங்கன்வாடி முதல் மலையாளத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். சந்தை மலையாளம் நமக்கும் வரும். ஆயினும் பிள்ளைகள் விரைந்து பேசும் பள்ளிக்கூட மலையாளம் நம்முள் பலர்க்குப் பிடிபடுவதில்லை. "சேட்டா, அம்மையோடு பறயல்லே" என்று இளையவன் நகைத்துக்கொண்டே கூறினால், ஏதோ விளையாட்டு என்று தாயும் உடன் சிரிக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்பதே அதன் பொருள்.

பள்ளியில் நிலைமை இதனினும் மோசம். இளையவனைப் பற்றி ஆசிரியர் எழுதியனுப்பும் மலையாளக் குறிப்பை வீட்டில் படித்துக் காட்டுபவன் மூத்தவனே. பெற்றோர் கூட்டத்தில் தாய்க்கும் ஆசிரியர்க்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவனும் அவனே. "இவன் நான்கு நாள் வரவில்லை" என்று ஆசிரியர் கூறுவது, "கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டுமாம்" என்று தாயின் செவியை அடைகிறது. இவ்வுதவிக்கு இளையவன் கைம்மாறு செய்யாதிருப்பானா? அண்ணனின் பையில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றி அவனும் வாய் திறப்பதில்லை. இருவர்க்கும் இடையே ஓர் உடன்படிக்கை உருவாகிவிடுகிறது. பெற்றோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். நல்ல பிள்ளைகள், ஒருவர்மீது ஒருவர் உயிரையே வைத்திருக்கின்றனர் என்று நாம் மகிழ்ந்துகொண்டும் இருக்கிறோம்.

உயிரை வைத்திருப்பதும் உண்மையே. அதுவே இச்சிக்கலின் முடிச்சு. டேவிட் ரோ என்பார் மற்றொருவருடன் 1992இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்தார் நெருங்கிப் பழகும் இடத்தில், ஒருவரின் தீயபழக்கம் மற்றவரிடமும் காணப்படுவது மிகுந்திருந்தது. பகைமையுள்ள வீட்டில் சண்டை வழியாகச் செல்வது, அன்புள்ள வீட்டில் நட்பு வழியாகச் செல்கிறது. இராமகாதையில் கும்பகருணனை நினைத்துப் பாருங்கள். அண்ணன் செய்தது தவறு என்று அறியாதவனா அவன்? அவையிலேயே எடுத்துரைத்தவன். அறிந்தும் அண்ணனுக்காகவே களம் சென்றான். அதே தாய் வயிற்றில் பிறந்த வீடணன் வேறு வழி சென்றான். இளையவர் எல்லாரும் மூத்தவரைப் பின்பற்றுவதில்லை என்பதையும் இக்கதை காட்டுகிறது. அண்ணனுக்கு நேர்மாறாகத் தம்மை ஆக்கிக்கொள்ளும் தம்பியரையும் தங்கையரையும் நம் தெருவிலேயே காண்கிறோம். அண்ணன் ஓடினால் இவன் படிப்பான். அண்ணன் பேசினால் இவள் மௌனம் காப்பாள். எனவே "உன் அண்ணன் மாதிரி ஆகிவிடாதே" என்று நாள்தோறும் இளையவன் காதில் ஓதுவதை நாம் விரும்புவதில்லை. அச்சொல் மூத்தவனுக்கும் கேட்கிறது. 'கெட்டவன்' என்ற பெயர் ஏற்கெனவே வந்துவிட்டால், இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவன் துணிந்துவிடுவான்.

தந்தையரைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். சிலர் முகம் சுளிப்பினும் கூறுவோம். பெட்டிக்கடைக்குச் சென்று பீடியோ சிகரெட்டோ வாங்கி வருமாறு பத்து வயது மகனை அனுப்பும் தந்தையர் நம்முள் உளர். 18 வயதுக்கு உட்பட்டவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலை 2003ஆம் ஆண்டு நடுவண் சட்டம் தடுக்கிறது. குட்காவைக் கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் தடை செய்தன. சட்டம் எழுப்பிய வேலியைத் தந்தையின் கையே பிரிக்கிறது. ஆலுவாவில் 1913இல் அத்வைத ஆசிரமம் நிறுவிய நாராயண குரு மதுவை விலக்குமாறு மக்களுக்குக் கூறியபோது, குடிப்பவரிடம் மட்டும் பேசவில்லை. ஆக்குபவரிடமும் கொடுப்பவரிடமும் சேர்த்தே பேசினார். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டோர் பலர் இருந்த மக்களிடம் அவ்வாறு பேசத் துணிவு வேண்டும். வீட்டில் வாங்கி வரும் சிறுவனும் எடுத்துக் கொடுக்கும் பெண்ணும் அச்செயலில் பங்கு பெறுகின்றனர் என்பதை நாமும் மறத்தல் கூடாது.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மூத்தவனை ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புவரை மலையாளத்தில் படித்தவன் தமிழ்ப் பள்ளியில் அமர்வான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவான். படிப்பில் பின்தங்கியவன் கடைசிப் பெஞ்சுக்குப் போவான். அங்கே அவனையொத்தார் காத்திருப்பர். எழுபது வயதுத் தாத்தா அவனை எங்கே தேடிச் செல்வார்? இங்கே இளையவன் நிலை என்ன? கத்தினால் கட்டளை நீங்கும் என்னும் பாடம் அவனுக்கு முன்பே முடிந்துவிட்டது. அண்ணனுடன் கைப்பேசியில் பேசுவதை எவரும் தடுக்க இயலாது. மாலை நான்கு முதல் ஏழுவரை முன்பு அண்ணனாவது வீட்டில் இருந்தான். இப்போது அவனும் இல்லை.

'கண்டிப்பான விடுதி' என்று சிலர் கூறும் இடங்களைப் பற்றியும் நமக்கு ஐயம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் 506 சிறுவரைக் கொண்டு தொடங்கிய திட்டம் ஒன்றில், பாதிப் பேருக்கு அறிவுரையாளர், மருத்துவம், படிப்புதவி, கோடைக்கால முகாம் எல்லாம் அளித்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மக்கார்டு அம்மையார் அவர்களைத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றோர் பெறாதோரைவிடச் சிறக்கவில்லை. சிலவற்றில் தாழ்ந்தும் இருந்தனர். முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவரிடமே தீங்கு மிகுதியாய்க் காணப்பட்டது. இடர்ப்பட்ட சிறுவரை ஓரிடத்தில் ஒன்றுகூட்டினால், முன்னே கூறிய சிரிப்பு அங்கும் தன் வேலையைச் செய்கிறது போலும்.

விலக்கு ஒன்று உண்டு. மூத்தவன் இளையோரைக் காயம் படும்படி அடிப்பவனாகவோ, தகாத முறையில் தொடுபவனாகவோ, போதைப் பொருளை வீட்டிற்குள் கொணர்பவனாகவோ இருப்பின், இளையோரின் காவலே முதலில் வேண்டுவது. அப்போது சில காலம் பிரித்து வைப்பதும் தவறாகாது; மறைத்து வைப்பதே தவறு. குழந்தைகளுக்கான 1098 எண்ணில் உதவி கேட்கலாம். போதைப் பழக்கத்திற்குக் கேரள ஆயத்தீர்வைத் துறை 2016 முதல் நடத்தும் விமுக்தி இயக்கம் உண்டு.

மற்ற வீடுகளுக்கு நம் விடை, அனுப்ப வேண்டா என்பதே. பாட்டர்சன் கூட்டத்தார் 1975இல் ஒன்றைக் கண்டு வெளியிட்டனர். மூத்தவனோ இளையவனோ, குறும்பன் என்று கொண்டுவரப்பட்ட ஒரு பிள்ளைக்காகப் பெற்றோர்க்குப் பயிற்சி அளித்தனர். அப்பிள்ளை மட்டுமின்றி, எவரும் கவனிக்காத உடன்பிறந்தாரும் திருந்தினர். கெட்டது சென்ற வழியிலேயே நல்லதும் சென்றது என்றே நாம் அதனைக் கொள்கிறோம்.

அப்பயிற்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது கட்டளை இடும் தாய், நான்கு இட்டு அந்நான்கையும் நிறைவேற்றுவது. கத்தல் தொடங்கியபின் விட்டுக்கொடுப்பதைவிட, விட்டுக்கொடுக்கத் தக்கதைத் தொடக்கத்திலேயே விடுவது. அடிக்கு மாறாக, அன்று மாலைக் கைப்பேசி இல்லை என்பது போன்ற சிறு தண்டனையைச் சினமின்றி அளிப்பது. சொன்னதைச் செய்தபோது கண்டுகொள்வது. நம்மவர்க்கு இது கடினம், பிள்ளையை எதிரே புகழக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைகள் எங்கே, யாருடன் இருக்கின்றனர் என்பதை ஒவ்வொரு மாலையும் அறிந்திருப்பது.

மூத்த பிள்ளையைச் சின்னப் பெற்றோர் ஆக்கிவிடும் வழக்கத்தையும் குறைக்க வேண்டும். அண்ணனைக் காட்டிலும் அக்காள்மீதே அச்சுமை விழுகிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் ஒரு நாள் பள்ளிக்கு நிற்கிறாள். பிறகு வாரம் இரு நாள். பின்னர் அவளைப் பார்த்து அடுத்தவனும் நிற்கிறான். பள்ளிக்குச் செல்லாமை என்பது இவ்வாறே வீட்டில் வரிசையாக இறங்கி வருகிறது. ஆலுவாவை அடுத்த பினானிபுரம் அரசுப் பள்ளியில் 2017இல் எறணாகுளம் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ரோஷ்னி திட்டம், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்தம் தாய்மொழி அறிந்த தொண்டர்களைக் கொண்டே மலையாளம் கற்பிக்க முனைந்தது. வகுப்பில் நடப்பது விளங்கினால் பிள்ளை பள்ளியில் தங்குகிறது என்பதே அதன் கருத்து. கைக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்து, அக்காளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் அடுத்தவனும் செல்கிறான்.

எல்லாவற்றிற்கும் முன்னே இன்றே செய்யத் தக்கது ஒன்று. பெற்றோர் கூட்டத்திற்கு மகனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்வதை நிறுத்துங்கள். ஆசிரியரிடம் தயங்காமல், "எனக்கு மலையாளம் முழுதும் விளங்காது, மெதுவாகக் கூறுங்கள்" என்று கேளுங்கள்; பலர் தமிழ்த் திரைப்படம் பார்த்தே நம் மொழியை ஓரளவு அறிந்திருப்பர். மலையாளக் குறிப்பேட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டா. நம் சங்கத்தில் அவ்வெழுத்தைப் படிக்க வல்லோர் பலர் உளர். ஞாயிறு மாலையில் குறிப்பேட்டை எடுத்து வாருங்கள்; படித்துச் சொல்வார்கள், வெளியே பேச மாட்டார்கள்.